கம்ப்யூட்டருக்கு முன்னால் சொன்னவள்

தோற்றுப்போனால் எல்லாருக்கும் சமோசா வாங்கித் தருகிற ஆளை என் ஆயுசில் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன். ஜெயித்தால் அரை கிளாஸ் கட்டிங் சாய்கூடக் கிடைக்காது. ஜெயித்த அன்று மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "சே, இன்னைக்குப் புதுசா ஒண்ணும் தெரியல அண்ணாச்சி" என்று பையை மாட்டிக்கொண்டு சயான் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இருக்கிற இடத்திலிருந்து போன் போட்டுத் திட்டுவாள். அந்த வாயிடம் மாட்டிக்கொள்ள எனக்கு இப்போது தெம்பு கிடையாது.

நான் மாட்டுங்காவில் பிறந்து செம்பூரில் குடித்தனம் நடத்தியவன். ரிட்டயர் ஆகி இப்போது சான்பாடாவில் இருக்கிறேன். கழிமுகத்தை ஒட்டிய ஒரு கடல் ஆய்வகத்தில் முப்பது வருஷம் கருவிகளைக் கட்டி மேய்த்தேன். டாக்டர் பட்டமெல்லாம் இல்லை, ஸ்க்ரூ டிரைவர்தான். எங்கள் படகுத்துறையின் முனையில் ஒரு தகர ஷெட், அதற்குள் ஒரு கருவி. கழிமுகத் தண்ணீரை பம்ப் உறிஞ்சிக் கொடுக்கும். அதில் மிதக்கிற, கண்ணுக்கே தெரியாத பாசியை ஒவ்வொன்றாக லேசர் வெளிச்சத்துக்கு முன்னால் ஓடவிட்டு, அது எத்தனை பெரிசு என்று அந்தக் கருவி அளக்கும். பைட்டோபிளாங்டன் என்று சொல்கிறார்களே, அந்தப் பாசிதான். மணிக்கு ஒரு தரம், பகலும் ராத்திரியும், தானாகவே அளந்துகொண்டிருக்கும். அதைக் குளிப்பாட்டித் துடைத்து வைத்துக்கொள்வது என் வேலை.

அவள் அந்த அளவுகளை வைத்து கம்ப்யூட்டரில் ஒரு மாடல் எழுத வந்தவள். பாசி ஒரு நாளைக்கு எத்தனை முறை இரண்டாகப் பிரிந்து பெருகுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று வருஷக் காண்டிராக்ட் வேலை. அவளுக்குத் தாராவி. திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம், வாப்பாவுக்குத் தோல் பை செய்யும் பட்டறை.

முதல் நாள் ஷெட்டுக்குள் வந்தவள் நமஸ்காரம், சலாம் எதுவும் சொல்லவில்லை. எட்டித் தண்ணீரைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, தண்ணி இப்பிடிக் கலங்கிக் கெடக்கே. நேத்தைவிடப் பாசி கூடுமா, கொறையுமா?"

எனக்குச் சுருக்கென்றது. மாட்டுங்காவில் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். "கொஞ்சம் இரும்மா, மெஷின் இப்போ சொல்லிடும்" என்றேன்.

"மெஷின் சொன்ன பொறவு யாரும் சொல்லிரலாம். நீங்க இப்பம் சொல்லுங்க."

"நான் எப்படிம்மா சொல்றது?"

"இத்தன வருசமா இந்தத் தண்ணியத்தானே பாத்துட்டு இருக்கிய? பொறவென்ன?"

தொல்லை விட்டால் போதும் என்று "கூடும்" என்றேன். அவள் "கொறையும்" என்று சொல்லி, சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் இரண்டையும் பெரிதாக எழுதினாள். அரை மணியில் கருவி சொன்னது: கூடியிருக்கிறது. உடனே கையைத் தட்டிக்கொண்டு, "தோத்துட்டேன்!" என்று ஒரு கத்து கத்தினாள் பாருங்கள், வெளியே வலை காய வைத்துக்கொண்டிருந்த கோளி மீனவர் உள்ளே எட்டிப் பார்த்தார். யாராவது செத்துப்போய்விட்டார்களா என்று கேட்டார். அவருக்கும் சேர்த்துத்தான் கேட் பக்கத்துக் கடையிலிருந்து சமோசா வந்தது.

"கலங்கல் தண்ணிக்குள்ள வெளிச்சம் போகாது, பாசி கொறையும்னுல்லா நெனச்சேன்? ஏறியிருக்கு. அப்பம் கலங்கலோட சேந்து உரச்சத்தும் எங்கிருந்தோ வந்திருக்கணும். எனக்குத் தெரியாத ஒண்ணு இங்கன இருக்கு அண்ணாச்சி!" புதையல் கிடைத்த மாதிரி முகம். வந்த முதல் நாளே தோற்றுவிட்டு இப்படிச் சந்தோஷப்படுகிற பிறவியை என்ன செய்வது என்று தெரியாமல் நான் சமோசாவைத் தின்றேன்.

அன்றிலிருந்து அதுவே சட்டமாகிவிட்டது. கம்ப்யூட்டர் சொல்வதற்கு முன்னால் ஆளாளுக்கு வாயால் சொல்ல வேண்டும், பலகையில் எழுத வேண்டும். எழுதாதவர்களுக்கு விடையைக் காட்ட மாட்டாள். இது எங்கிருந்து வந்த பழக்கம் என்று ஒருநாள் கேட்டேன். வாப்பாவின் பட்டறையில் தோலை விரித்ததும், வெட்டுகிறவர் இதில் எத்தனை பர்ஸ் வரும் என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் கத்தியை வைக்க வேண்டுமாம். "வெட்டி முடிச்சிட்டு, 'ஆமா, இவ்வளவுதான் வரும்னு நானும் நெனச்சேன்'னு சொல்லுதவன நம்பாதன்னு வாப்பா சொல்லும். அவன் நெனைக்கவே இல்ல. அவனுக்கே அது தெரியாது."

ஆனால் இந்தப் பழக்கத்தை அவள் ஷெட்டோடு விட்டாளா? அதுதான் இல்லை. பஸ்ஸில் ஏறினால் குர்லாவில் எத்தனை பேர் இறங்குவார்கள் என்று சொல்லணும். ஷேர் ஆட்டோவில் சிக்னல் எப்போது விழும் என்று சொல்லணும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற முன்பின் தெரியாத மராட்டிக்காரியிடம்கூட, "ஆப் போலோ, ஆன்ட்டி", நீங்க சொல்லுங்க என்று ஆரம்பித்துவிடுவாள். ஒரு தடவை எனக்கு ரத்தப் பரிசோதனை. ரிப்போர்ட் கவர் கையில் வந்துவிட்டது. அவள் அதைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "சுகர் எவ்வளவு இருக்கும்? சொல்லிட்டு வாங்கிக்கிடுங்க" என்றாள். வயிறு எரிந்தது எனக்கு. ஒரு நம்பர் சொன்னேன். கவரைப் பிரித்தால் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அவள் சிரிக்கவில்லை. "இம்புட்டுத் தப்பாவா சொல்லுவிய? ஒங்க ஒடம்போட நீங்க பேசுததே இல்ல போலுக்கு" என்றாள். பளாரென்று அறைந்தது போலிருந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாளிலிருந்து காலையில் நடக்க ஆரம்பித்தேன். இன்றுவரை நடக்கிறேன், அது வேறு விஷயம்.

என் மனைவிக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். நான் அண்ணாச்சி, என் மனைவி மட்டும் மாமி. இந்த உறவுமுறை எந்த ஊர்க் கணக்கு என்று கேட்டால் பதில் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் செம்பூர் வீட்டுக்கு வந்திருந்தாள். காபியைக் கொடுத்துவிட்டு என் மனைவி கேட்டாள்: "ஏன்டிம்மா, பாசி வளந்தா என்ன, வளராட்டா என்ன? அதுக்குப் போய் இத்தனை பெரிய மிஷினா?"

"மாமி, நீங்க இழுக்குத மூச்சுல பாதி அது குடுத்தது. கடல்ல இருக்க மீனுக்கெல்லாம் அதுதான் சோறு. எவ்வளவு சோறு பொங்குதுன்னு தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சுக்கோயேன். இன்னிக்கு எண்ணு, நாளைக்கு எண்ணு. கூடியிருந்தா வளந்திருக்கு. இதுக்கு என்ன கம்ப்யூட்டர்?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இதத்தான் எங்க டாக்டரும் சொல்லுதாரு. மாமி, மாட்டுங்கால ஒங்க இட்லிக் கடைக்குப் போறிய. காலைல போனா தட்டுல இருவது இட்லி. பத்து மணிக்குப் போனாலும் இருவது. அதுக்காவ அடுப்பே எரியலன்னு சொல்லுவியளா?"

"அதெப்படி? ஒரு பக்கம் சாப்ட்டுண்டே இருக்கா, இன்னொரு பக்கம் வார்த்துண்டே இருக்கா. அதான் இருபதாவே இருக்கு."

"அல்லா! மாமிக்கு வெளங்கிட்டு! எங்க டாக்டருக்கு ஒரு வருசமா வெளங்கல!"

அதுதான் விஷயம். பாசி பெருகப் பெருக அதைத் தின்கிற பொடிப்பொடி ஜந்துக்கள் தின்றுகொண்டே இருக்கும். எண்ணிக்கை அப்படியே நிற்கும். அதனால் அவள் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை, பருமனைப் பார்த்தாள். பாசி பகலில் வெயிலைக் குடித்துக் கொழுக்கும். பொழுது சாய்ந்தபின் இரண்டாகப் பிரியும். பிரிந்தால் பருமன் பாதியாகிவிடும். ஒரு நாள் முழுக்க, மணிக்கு மணி, மொத்தக் கூட்டத்தின் பருமனும் ஏறி இறங்குவதைக் கருவி அளக்கிறது. எந்த வேகத்தில் கொழுத்து எந்த வேகத்தில் பிரிந்தால் இந்த ஏற்ற இறக்கம் வரும் என்று மாடல் ஆயிரக்கணக்கான வழிகளில் போட்டுப் பார்க்கும். எது பொருந்துகிறதோ அதுதான் வளர்ச்சி. தின்றது போகட்டும், மீதி இருக்கிறவர்களின் உடம்பே கதையைச் சொல்லிவிடும். இதைச் சரிபார்ப்பதற்காக கம்ப்யூட்டருக்குள்ளேயே பொய்ப் பாசி வளர்த்தாள். அதன் வேகம் அவளுக்கு மட்டும் தெரியும். மாடல் அதைச் சரியாகச் சொல்லும்வரை விடவில்லை.

டாக்டர் என்றால் எங்கள் பிரிவின் தலைவர். கல்யாணிலிருந்து தினமும் ரயிலில் வருவார். நல்ல மனுஷர், நல்ல விஞ்ஞானி, ஆனால் பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு ரிப்போர்ட் எழுதிவிட்டார். இந்தக் கழிமுகம் தூங்குகிறது, இங்கே பாசி அநேகமாக வளர்வதே இல்லை என்று. பாட்டிலில் எடுத்து இன்றைக்கு எண்ணி, நாளைக்கு எண்ணி எழுதிய ரிப்போர்ட். இவள் அவரிடமும் பேனாவை நீட்டி, "சார், பலகைல நீங்களும் ஒரு நம்பர் எழுதுங்க" என்றாள். "நான் ஜோசியக்காரன் இல்லேம்மா" என்று அவர் போய்விட்டார்.

அவளுடைய காண்டிராக்ட்டின் கடைசி மாதம் வந்தது. டில்லியிலிருந்தும் வெளியூர்களிலிருந்தும் ஒரு கமிட்டி வரப் போவதாகச் சொன்னார்கள். இங்கே அளப்பதற்கு உருப்படியாக ஏதாவது இருந்தால் இன்னும் மூன்று வருஷம். இல்லையென்றால் கருவி வேறு கடற்கரைக்குப் போய்விடும், இவளுக்கும் வேலை முடிந்தது. எல்லாம் ஒரே ஒரு நம்பரில் நின்றது. நிஜக் கழிமுகத் தண்ணீரில் ஒரு வாரம் தொடர்ந்து எடுத்த அளவுகளை அவள் முதன்முதலாக மாடலுக்குள் போடப் போகிறாள். பலகையில் எழுதினாள்: 'ஒரு நாளைக்கு ஒரு முறை'.

மாடல் சொன்ன விடை: ஏறக்குறைய ஒன்றுமில்லை.

ஷெட்டில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம். கத்து வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "பாத்தியா? நான் அன்னிக்கே எழுதினேன். இப்போ உன் மாடலும் அதையே சொல்றது. கமிட்டிக்கு இதையே காட்டிடு" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "சமோசா எங்கேம்மா?" என்றார்.

"இதுல நான் தோக்கல சார்" என்றாள்.

"தோக்கலையா? பலகையிலே எழுதியிருக்கே!"

"தோத்தா எனக்குத் தெரியும் சார். இது அது இல்ல."

எனக்கு அன்றைக்கு அவள்மேல் வருத்தம்தான் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, கோபம்கூட. சின்னச் சின்னத் தோல்விக்கெல்லாம் ஆடிப் பாடிவிட்டு, பிழைப்பு போகிற இடத்தில் வந்ததும் இவளும் எல்லாரையும் போலத்தானா? ஊருக்கு உபதேசம்! நான் அதை மனசில் வைத்துக்கொள்ளவில்லை, முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். "உனக்கும் நம்பர் பிடிச்சா நம்பர், பிடிக்காட்டா இல்லையா?"

அவள் கண் கலங்கிவிட்டது. ஆனால் குரல் இறங்கவில்லை. "இங்கன வந்து பாருங்க அண்ணாச்சி. கம்மியா வளருதுன்னு சொல்லியிருந்தா நான் தோத்துட்டேன்னு ஒத்துக்கிடுவேன். இது என்ன சொல்லுது? ராத்திரில கொழுக்குதாம். மத்தியானம் சூரியன் நடு உச்சில நிக்கும்போது எளைக்குதாம். எந்தச் செடி அண்ணாச்சி இருட்டுல கொழுத்து வெயில்ல எளைக்கும்? கடல் சொன்னா கேட்டுக்கிடுவேன். இத கடல் சொல்லல. நடுவுல யாரோ சொல்லுதாங்க."

கமிட்டி வர இன்னும் எட்டு நாள். அவள் மாடலை வரி வரியாகப் பிரித்தாள். பொய்ப் பாசியை மறுபடி வளர்த்துப் பார்த்தாள். அதற்கு மாடல் சரியாகவே சொன்னது. பம்ப்பை மாற்றச் சொன்னாள், மாற்றினேன். லேசரைத் துடைக்கச் சொன்னாள், துடைத்தேன். கூரையில் சூரிய வெளிச்சத்தை அளக்கிற தனிக் கருவி ஒன்று உண்டு, அதிலும் பழுது இல்லை. ஐந்து நாள் போய்விட்டது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனாள். அவள் உம்மா என் மனைவிக்கு போன் செய்து அழுததாகக் கேள்வி.

ஆறாம் நாள் மத்தியானம் தலையைத் தூக்காமலே கேட்டாள். "அண்ணாச்சி, போன செவ்வாக்கெழம காலைல ஒம்பது நாப்பதுக்கு பம்ப் ஏன் நின்னுச்சு?"

"நிக்கலையே."

"நின்னிருக்கு. தண்ணி ஓட்டம் நின்ன நேரம் பைல்ல பதிவாயிருக்கு."

என் வேலையைக் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. நான் ஒரு லாக் புத்தகம் வைத்திருந்தேன். என் கையெழுத்தில், என் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஒவ்வொரு நாளும் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுவேன். அதை அவள் முன்னால் தொப்பென்று போட்டேன். "பாத்துக்கோ. செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணு பத்துக்குத்தான் நின்னுது. பிளாஸ்டிக் பை வந்து அடைச்சுண்டுடுத்து. காலையிலே ஒண்ணும் நிக்கலை."

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். விரலை மடக்கினாள். "ஒம்பது நாப்பதுலேருந்து மூணு பத்து. அஞ்சர மணி நேரம்."

அந்த 'அரை' காதில் விழுந்ததும் எனக்குப் பொறி தட்டியது. லண்டன் நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் ஐந்தரை மணி என்று பள்ளிக்கூடத்துப் பையன்கூடச் சொல்வான். ஒரு மாதத்துக்கு முன்னால் கருவியின் கம்ப்யூட்டர் சர்வீசுக்குப் போய் வந்தது. வந்ததிலிருந்து அதன் மூலையில் மணி தப்பாகக் காட்டியது. மூன்று மணிக்கு ஒன்பதரை என்று காட்டும். நான் பார்த்தேன். பேட்டரி போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். எனக்குத்தான் கைக்கடிகாரம் இருக்கிறதே, லாக் புத்தகம் இருக்கிறதே! அந்தக் கடிகாரத்தை நம்பித்தான் ஒவ்வொரு பாசியும் எந்த நேரத்தில் அளக்கப்பட்டது என்று பைலில் பதிவாகிறது என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை. கூரையில் இருந்த வெளிச்சக் கருவி மட்டும் நம் ஊர் நேரத்தில் இருந்தது. அதனால் விடிகாலையில் கொழுக்கத் தொடங்கிய பாசி, மாடலின் கண்ணுக்கு நடுராத்திரியில் கொழுத்தது.

"நான்தான்" என்றேன். "கடிகாரம் தப்பாக் காட்டறதைப் பாத்தேன். சொல்லலை. உன் பிழைப்பிலே மண்ணைப் போட்டது நான்தான்மா." அவளை வேறு அப்படிக் கேட்டுவிட்டேனே என்று குமுறிக்கொண்டு வந்தது. அழுதுவிட்டேன், வெட்கம் என்ன.

அவள் என்னைத் திட்டவே இல்லை. லாக் புத்தகத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "இத எழுதி வச்சியளே, அதுக்கு என்ன சொல்லுவிய? இது இல்லன்னா நான் சாகுத வரைக்கும் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன். கம்ப்யூட்டர் என்ன சொல்லுதுன்னு பாக்காம, ஒங்க கண்ணால பாத்தத எழுதியிருக்கிய." பிறகு எழுந்துபோய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள்.

"சரி, மணியை மாத்திட்டு மாடலை உடனே ஓட்டு" என்றேன்.

"ஓட்ட மாட்டேன்."

"என்னது?"

"நேரத்த மட்டும் திருத்தி வைப்பேன். கமிட்டி முன்னாலதான் ஓட்டுவேன்."

"பைத்தியமா உனக்கு? தப்பா வந்தா?"

"வந்தா தோத்துட்டேன்னு சொல்லிட்டுப் போறேன். இப்பம் ஓட்டிப் பாத்துட்டுப் போனா, புடிச்ச நம்பர் வர வரைக்கும் திருப்பித் திருப்பிப் போட்டுட்டு வந்தவன்னு டாக்டர் சொல்லுவாரு. சொல்லத்தானே செய்வாரு? நீங்களே கேட்டியள்லா?"

நான் போய்க் கருவியின் கடிகாரத்தை நம் ஊர் நேரத்துக்குத் திருப்பி வைத்தேன்.

கமிட்டிக்குத் தலைவர் வயதான ஒரு மராட்டிய அம்மாள். வெள்ளைத் தலை, காட்டன் புடவை, உள்ளே நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இன்னும் ஐந்து பேர். நான் புரொஜெக்டருக்கு ஒயர் மாட்டிவிட்டு மூலையில் நின்றேன். அவள் முதலில் தப்பான படத்தைக் காட்டினாள், அப்புறம் கடிகாரக் கதையைச் சொன்னாள். யாருடைய கவனக்குறைவு என்று ஒருவர் கேட்டார். "கருவியின் கடிகாரம் லண்டன் நேரத்தில் இருந்தது. லாக் புத்தகத்தால் கண்டுபிடித்தோம்" என்று மட்டும் சொன்னாள். நான் இருக்கிற திசைப்பக்கமே திரும்பவில்லை.

"திருத்தியபின் என்ன விடை?" என்று தலைவர் அம்மாள் கேட்டார்.

"தெரியாது மேடம். இன்னும் ஓட்டவில்லை."

அறையே திகைத்தது. டாக்டருக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "என்ன விளையாட்டு இது?" என்று எழுந்தே விட்டார். அவள் பலகைக்குப் போய், 'ஒரு நாளைக்கு ஒரு முறை' என்று மறுபடி எழுதினாள். அந்த அம்மாளிடம் பேனாவை நீட்டி, "ஆப் பி போலியே, மேடம்", நீங்களும் சொல்லுங்கள் என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே வெறுங்காலோடு நடந்துபோய், 'அரை' என்று எழுதிக்கொண்டிருந்தார். மற்ற ஐந்து பேரும் எழுதினார்கள். டாக்டர் மட்டும், "என்னுடையது ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது" என்றார்.

ஓட்டினாள். ஏழெட்டு நிமிஷம் ஆகும். திரையில் ஒரு கோடு நகர்ந்தது. அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி, விரல் வெளுத்துப்போயிருந்தது. எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன், அவளுடைய அல்லாவையும் விடவில்லை.

படம் வந்தது. விடிந்ததும் கொழுக்கத் தொடங்கி, சாயங்காலம்வரை சீராக ஏறி, பொழுது சாய்ந்ததும் பிரிந்து இறங்குகிற கோடு. மாடலின் கோடும் கருவி அளந்த புள்ளிகளும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே உட்கார்ந்தன. கீழே நம்பர்: ஒரு நாளைக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். தூங்குவதாகச் சொல்லப்பட்ட கழிமுகம் தினம் தினம் முழுசாகத் தன்னை இரட்டித்துக்கொண்டிருந்தது. ஜந்துக்களும் தினம் தினம் அத்தனையையும் தின்றுகொண்டிருந்தன.

டாக்டர்தான் எழுந்தார். திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, மூக்கு இடிக்கிற மாதிரி அந்தக் கோட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மனுஷர் சண்டை போடப் போகிறார் என்றே நினைத்தேன்.

"இவ்வளவு வருஷம் நான் தட்டிலே இருந்ததை மட்டும்தான் எண்ணியிருக்கேன்" என்றார் தமிழில், அவளுக்கு மட்டும். இட்லிக் கதை அவர் காதுக்கும் எப்போதோ போயிருக்கிறது. பிறகு குரலைத் தழைத்துக்கொண்டு கேட்டார்: "மழை ஆரம்பிச்சா என்ன ஆகும்?"

"தெரியாது சார். நீங்க சொல்லுங்க."

அவர் பேனாவை வாங்கினார். ஜோசியக்காரன் இல்லை என்ற மனுஷர் பலகையில், 'மழையில் முக்கால்' என்று எழுதினார். "முக்காலா? வெளிச்சமே இருக்காதே, கால்தான்" என்றார் கமிட்டிக்காரர் ஒருவர். "ஆற்றுத் தண்ணீரோடு சத்து வருமே, ஒன்றரை" என்றார் இன்னொருவர். அவர் எழுதினதை இவர் அழித்தார், இவர் எழுதினதை அவர் அழித்தார். டில்லியிலிருந்து கோட்டு போட்டுக்கொண்டு வந்த பெரிய மனுஷர்கள் தாதர் மார்க்கெட் மாதிரி கூச்சல் போட்டார்கள். அவள் நடுவில் நின்று ஒவ்வொருவர் நம்பருக்குப் பக்கத்திலும் அவரவர் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள்.

தலைவர் அம்மாள் மேஜையைத் தட்டினார். "இந்தக் கருவியை நீங்கள் வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டால், மழைக்காலத்தில் யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு யார் சொல்வது?" என்று இந்தியில் கேட்டார். அவர் காகிதத்தை இழுத்து, கருவி இங்கேயே இருக்கும், இந்தப் பெண்ணும் இருப்பாள், மூன்று வருஷம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கமிட்டி மீட்டிங்கில் யாரும் கைதட்டுவதில்லை. அதுவும் ஒயர் மாட்ட வந்தவன் தட்டவே கூடாது. எனக்குத் தெரியும். மூலையில் நின்றபடி கை வலிக்க வலிக்கத் தட்டினேன்.